நக்கினால் ஆறுமா?

நாய்க்கு அதன் எச்சிலே மருந்து என்று சொல்லிப் புண்ணை அப்படியே விட்டுவிடுபவர்கள் பலர். இந்த நம்பிக்கையில் கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதுதான் சிக்கல். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹார்ட், பவல் இருவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், நாயின் எச்சில் ஈ-கோலையையும் ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸையும் கொன்றது. பிறந்த குட்டிகளைத் தாக்கும் கிருமிகள் இவை; தாய்நாய் தன் மடியை ஓயாமல் நக்குவதற்குப் பொருள் இருக்கிறது. ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸிடம் அதே எச்சில் அவ்வளவாக எடுபடவில்லை. நாயின் தோல்புண்ணில் சீழ் வைப்பது பெரும்பாலும் இந்தக் கிருமிதான்.

எச்சிலைவிட நாக்கு செய்யும் கேடு பெரிது. புதிதாகப் படரும் மெல்லிய தோலை அது சுரண்டி எடுத்துவிடும். புண் காயவே காயாது. தையல் போட்ட இடமென்றால் முன்பற்களும் சேர்ந்துகொள்ளும். நக்க நக்க அரிப்பு, அரிக்க அரிக்க நக்கல் என்று சுழன்று, முன்னங்கால் மணிக்கட்டருகே முடி உதிர்ந்து தடித்த புண்ணாக நிலைத்துவிடுவதும் உண்டு. தெருநாய்க்கு யார் வைத்தியம் பார்க்கிறார்கள், அதற்கு ஆறவில்லையா என்று கேட்கலாம். சிறு கீறல் ஆறும். ஈ இடும் முட்டைகளை நாக்கு துடைத்தெடுப்பதும் நடக்கிறது. நாக்கு எட்டாத தலையிலும் பிடரியிலும் அடிக்கடி புழு வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கேட்பாரற்ற நாய்க்கு வேறு வழியில்லை. வீட்டு நாயின் புண்ணை உப்புநீரால் கழுவத்தான் மனிதக் கை இருக்கிறதே!

ஆகவே கழுத்தில் கூம்புக் காலர் மாட்டத்தான் வேண்டும். அது கொடுமை என்பவர்கள், நாய் அதற்குப் பழக எடுக்கும் ஓரிரு நாளை மட்டுமே பார்க்கிறார்கள். விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நின்றால் போதும். சாப்பிடும்போது பக்கத்தில் இருந்துகொண்டு கழற்றலாம். பாவம் பார்த்து இரவில் கழற்றுவதுதான் தவறு, யாரும் பார்க்காத சில நிமிடங்களில் தையல் பிரிந்துவிடும். தையல் பிரிக்கும்வரை, அதாவது வழக்கமாக 10 முதல் 14 நாள், அது இருக்கட்டும். காலருக்குப் பதிலாகக் கசப்பு மருந்தைப் புண்மேல் தடவினால் எரியும். மண்ணெண்ணெய் தடவினால் அது வயிற்றுக்குள் போகும். அதட்டுவதால் பயனில்லை, நாய் மறைவாகப் போய் நக்கும்.

காலர் நாக்கைத்தான் தடுக்கும், நக்கத் தூண்டியதை அல்ல. உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, ஒவ்வாமை, மூட்டுவலி என மருத்துவர் ஒவ்வொன்றாகத் தேடவேண்டும். எதுவும் அகப்படாதபோது மனமும் காரணமாகலாம்: மனிதரின் மனச்சுழற்சி நோய்க்குத் தரும் குளோமிப்ரமின் மாத்திரை, ஓயாமல் நக்கும் நாய்களிலும் நக்கலைக் குறைத்ததாக 1992-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.