தயிரும் மாத்திரையும்: நீரிழிவாளர் அறிய வேண்டியவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடத்தப்பெற்று, 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. இவர்களை நோக்கி இன்று 'புரோபயாடிக்' என்னும் பெயரில் மாத்திரைகளும் பானங்களும் விற்பனைக்கு வருகின்றன. இவற்றால் இரத்தச் சர்க்கரை குறையுமா?

போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாடிக் எனப்படுகின்றன. லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை நொதிக்கச் செய்து சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவ்வமிலங்கள், இன்சுலின் சுரப்புக்குத் துணைபுரியும் ஜி.எல்.பி.1 என்னும் இயக்குநீரைத் தூண்டுகின்றன. குடற்சுவரும் வலுப்பெறுகிறது.

இரண்டாம் வகை நீரிழிவாளரிடையே நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினால், வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவும் சிறிதே குறைவது தெரிகிறது. பின்னதன் குறைவு பெரும்பாலும் அரை சதவீதப் புள்ளியை எட்டுவதில்லை. மெட்ஃபார்மின் மாத்திரையோ அதனை ஏறத்தாழ ஒரு புள்ளி குறைக்க வல்லது. மேலும், அவ்வாய்வுகளில் பல, சிலரைக் கொண்டு சில வாரங்களே நடந்தவை. ஆதலின் புரோபயாடிக் துணையாகலாம், மருந்துக்கு மாற்றாகாது. அதனை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்துவது பேராபத்து.

சர்க்கரை சேர்க்காத தயிரும் மோரும் நல்லுணவு. எனினும் ஆய்வுக்குட்பட்ட நுண்ணுயிர் வகைகள் எல்லாத் தயிரிலும் இருக்கும் என்பதற்கில்லை. இட்லி மாவு புளித்ததேயாயினும், ஆவியில் வேகும்போது நுண்ணுயிர்கள் மடிகின்றன. ஊறுகாயில் உப்பு மிகுதி. இரத்த அழுத்தம் உடையோர் அளவறிந்து உண்க. பழச்சுவை கூட்டிய பானங்களில் சர்க்கரை இருக்கக்கூடும்.

விலை கொடுத்து வாங்குமுன் உறையைப் படியுங்கள். நுண்ணுயிரின் முழுப்பெயர், உயிருள்ளவற்றின் எண்ணிக்கை, காலாவதி நாள், சேமிக்கும் வெப்பநிலை ஆகியவை குறிக்கப்பட்டுள்ளனவா எனக் காண்க. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோரும், கடும் நோயுற்றோரும் மருத்துவரைக் கேளாமல் இவற்றை உட்கொள்ளலாகாது.

மாதந்தோறும் இதற்கெனச் செலவிடுமுன், எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மூன்று மாதம் கழித்து மீண்டும் செய்து இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். செலவு தொடரத் தக்கதா என்பது அப்போது தெளிவாகும். அதுவரை பருப்பு, கீரை, காய்கறி, சிறுதானியம் ஆகியவற்றின் நார்ச்சத்தும் அன்றாட நடைப்பயிற்சியும் தவறாதிருக்கட்டும். குடலின் நல்ல நுண்ணுயிர்களுக்கு அந்த நார்ச்சத்தே உணவு.