ஆப்பிரிக்க வனவிலங்குச் சுற்றுலா: முன்பணம் கட்டும் முன் மருத்துவரைப் பாருங்கள்

மாசாய் மாராவில் சிங்கத்தையும் யானைக் கூட்டத்தையும் நேரில் பார்க்க வேண்டும் என்பது பலருடைய நெடுநாள் ஆசை. ஓய்வுக்காலத்தில் பிள்ளைகளுடனோ நண்பர்களுடனோ அந்தப் பயணத்துக்குத் திட்டமிடுகிறீர்களா? வழிகாட்டி சொல்வதைக் கேட்டு வாகனத்துக்குள்ளேயே இருந்தால் சிங்கத்தால் ஆபத்து மிகக் குறைவு. மூத்தோருக்கு உண்மையான அபாயம் கொசுவினால்தான்.

பயணத்துக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே உங்கள் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் பார்ப்பது இன்னும் நல்லது. எந்த நாட்டுக்குப் போகலாம் என்பதை உங்கள் உடல்நிலையும் தீர்மானிக்கும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி

கென்யா, உகாண்டா போன்ற நாடுகளில் மஞ்சள் காய்ச்சல் அபாயம் உண்டு. சிங்கப்பூரிலிருந்து நேராகக் கென்யா செல்பவரிடம் அந்நாடு தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் திரும்பி வரும்போது சிங்கப்பூர் கேட்கும். சான்றிதழ் இல்லாவிட்டால், அந்த நாட்டை விட்டுப் புறப்பட்டதிலிருந்து 6 நாள் வரை நீங்கள் தனிமைப்படுத்தப்படலாம். வழியில் சென்னையிலோ மும்பையிலோ இறங்கி உறவினரைப் பார்த்துவிட்டு வர நினைத்தால், இந்தியாவிலும் இதே விதி உண்டு.

இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமியால் செய்யப்பட்ட தடுப்பூசி. 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவுகள் அரிதாகவே வரும் என்றாலும், இளையவர்களைவிட அவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர், முட்டை ஒவ்வாமை உள்ளோர் ஆகியோர் இதைக் கண்டிப்பாக மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

போட்டுக்கொண்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும். அதன் பிறகு அது ஆயுள் முழுவதும் செல்லும். முன்பே போட்டிருந்தால் பழைய சான்றிதழைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 10 ஆண்டுக் காலக்கெடு எழுதியிருந்தாலும் அது செல்லும். இந்தத் தடுப்பூசி எல்லா மருந்தகங்களிலும் கிடைக்காது. ஃபேரர் பார்க்கிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத டான் டோக் செங் மருத்துவமனையில் பயணிகளுக்கான தடுப்பூசி மருந்தகம் உள்ளது.

தடுப்பூசி உங்களுக்கு ஏற்றதல்ல என்று மருத்துவர் சொன்னால் மனம் தளர வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் அபாயம் இல்லை. அங்குள்ள பிலானஸ்பர்க், மாடிக்வே காட்டுப் பகுதிகளில் பொதுவாக மலேரியாவும் இல்லை. சிங்கம், யானை, சிறுத்தை, காண்டாமிருகம், காட்டெருமை ஐந்தும் அங்கே உண்டு. ஆனால் வழியில் நைரோபி, அடிஸ் அபாபா போன்ற விமான நிலையங்களில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தடுப்பூசி விதி பொருந்தலாம். பயணச்சீட்டு வாங்கும்போது இதைக் கவனியுங்கள்.

மலேரியா மாத்திரை

“சின்ன வயதில் ஊரில் கொசுக்கடியில் வளர்ந்தவர்கள் நாங்கள், எங்களுக்கு ஒன்றும் வராது” என்று சிலர் நினைப்பதுண்டு. அது தவறு. மலேரியாவுக்கு எதிரான சக்தி நிலைத்து நிற்பதில்லை. சிங்கப்பூர் 1982 முதல் மலேரியா இல்லாத நாடு. இங்கே பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்காது.

மாசாய் மாராவிலும், தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவிலும் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரைகளில் பல வகை இருக்கின்றன. சிலவற்றை ஊருக்குத் திரும்பிய பிறகு 7 நாளும், சிலவற்றை 4 வாரமும் தொடர வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. இதயத் துடிப்புக் கோளாறு, மனநலப் பிரச்சினை, சிறுநீரகக் கோளாறு உள்ளோருக்கும், ‘வார்ஃபரின்’ போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்கும் சில வகைகள் ஒத்துக்கொள்ளா. நண்பருக்குக் கொடுத்த மாத்திரையை நீங்கள் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

மலேரியாக் கொசு அந்தி முதல் விடியும் வரை கடிக்கும். மாலையில் முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையும் அணியுங்கள். கொசு விரட்டி பூசுங்கள், வலைக்குள் தூங்குங்கள். கருப்பு, கருநீல உடைகளைத் தவிருங்கள். அவை பகலில் கடிக்கும் ‘செட்சி’ ஈக்களை ஈர்க்கும்.

பையில் என்ன வேண்டும்?

• வழக்கமான மருந்துகள், பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக. அவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.
• மருந்துப் பட்டியலும் மருத்துவர் கடிதமும்.
• துணிப் பை. கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உள்ளது.
• மருத்துவ விமானச் செலவையும் ஏற்கும் பயணக் காப்புறுதி. காட்டுக்குள் பெரிய மருத்துவமனைகள் இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் காப்புறுதி உண்டா என்று கேளுங்கள்.

நைரோபி நேரம் சிங்கப்பூரைவிட 5 மணி நேரம் பின்தங்கியது. இன்சுலின் போடுபவர்கள் எந்த நேரத்தில் போடுவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணத்தின்போது

விமானத்தில் அவ்வப்போது எழுந்து நடங்கள், கணுக்காலை அசையுங்கள். சிறுநீர் கழிக்க இடமிருக்காதே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். எப்போது வண்டியை நிறுத்துவார்கள் என்று வழிகாட்டியிடம் காலையிலேயே கேளுங்கள். காட்டுப் பாதை குலுக்கும். முதுகுவலி உள்ளவர்கள் வாகனத்தின் பின்வரிசையைத் தவிருங்கள். தங்குமிடத்துக்கு வரும் குரங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள். அவை கடித்தாலோ கீறினாலோ சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவ உதவி பெறுங்கள்.

திரும்பி வந்த பிறகு

ஊர் திரும்பிய சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், பனடால் போட்டுக்கொண்டு வீட்டிலேயே காத்திருக்காதீர்கள். ஆப்பிரிக்காவில் பரவலாக உள்ள மலேரியா வகை ஒரே நாளில் முற்றக்கூடியது. அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். இங்கே காய்ச்சல் என்றால் டெங்கியாக இருக்குமோ என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். அதனால் “நான் ஆப்பிரிக்கா போய் வந்தேன்” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மயக்கம், குழப்பம், மூச்சுத்திணறல் இருந்தால் 995ஐ அழையுங்கள்.

இந்தக் கையேட்டை உங்களுடன் பயணம் செய்பவர்களிடமும், வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடமும் காட்டுங்கள்.