காசு கொடுத்தால் முதல் காட்சி!
பட்டுச் சேலைக்கு மட்டுமல்ல; செல்போன் படத்துக்கும் வந்தாச்சு 'அட்வான்ஸ்'

காஞ்சீபுரம்,
கல்யாணப் பட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பது காஞ்சீபுரத்துக்குப் புதிது அல்ல. கலரைச் சொல்லி, கரையைச் சொல்லி, முன்பணம் கட்டிவிட்டு முகூர்த்தம் வரை காத்திருப்பார்கள்.

2019-ல் அத்திவரதரைக் காண, கட்டண டிக்கெட் வாங்கிச் சிறப்பு தரிசனத்துக்குப் போனவர்களும் உண்டு.

அதே வழக்கம் இப்போது செல்போனுக்குள்ளும் புகுந்துவிட்டது!

சொந்தமாக வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறவர்கள், மாதாமாதம் பணம் கட்டும் ரசிகர்களுக்குப் புதுப் படத்தை முதலில் காட்டுகிறார்கள். மற்றவர்களுக்குச் சில நாள் கழித்து அதே படம் இலவசம்!

வரி, கட்டணங்கள் போக மீதிப் பணத்தில் 70 சதவீதம் படம் எடுத்தவருக்கு. பாக்கி 30 சதவீதம் கம்பெனிக்கு.

விளம்பர வருமானம் ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். உறுப்பினர் பணம் ஓரளவு நிலையாக வரும். அதுதான் இதில் உள்ள கவர்ச்சி.

அன்றே உண்டு!

இது அமெரிக்காக்காரன் மூளையில் உதித்தது என்று நினைத்தால் தப்பு.

உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-ல் அச்சிட்டு வெளியிட்டார். அதற்கு முன்பே புத்தகம் வாங்க ஆட்களைத் தேடிப்பிடித்துக் கையொப்பம் சேர்த்தார்.

எல்லாருக்கும் இது பலித்துவிடவில்லை. 1920-ல் பாரதியார் தமது எழுத்துகளை 40 புத்தகங்களாகப் போட, வட்டியோடு திருப்பித் தருவதாகச் சொல்லிக் கடன் கேட்டார். பணம் சேரவில்லை. மறு ஆண்டே அவர் காலமானார்.

எங்கே சிக்கல்?

ரொம்ப நாள் பூட்டி வைத்தால் இலவச ரசிகர் கோபித்துக்கொண்டு போய்விடுவார். சீக்கிரம் திறந்துவிட்டால், 'நான் எதற்குக் காசு கட்டினேன்?' என்று பணம் கட்டியவர் கேட்பார். பணம் கட்டிய ஒருவரே படத்தைத் திருடி வெளியே விட்டால் மொத்தமும் போச்சு!

சொன்ன தேதியில் படம் வராவிட்டால் அடுத்த மாதம் ஆள் இருக்காது. முகூர்த்தம் முடிந்த பிறகு சேலை வந்தால் யார் வாங்குவார்கள்?

உஷார்!

யூடியூபுக்கு உள்ளே இருக்கும் உறுப்பினர் பொத்தானை அழுத்திப் பணம் கட்டுவது ஒன்று. யாரோ அனுப்பிய லிங்கில் பணம் போடுவது வேறு. பிரபலங்களின் பெயரில் போலிக் கணக்குகள் உலவுகின்றன. ஏமாந்தால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். தாமதித்தால் பணத்தை முடக்குவது கஷ்டம்.