போகிப் புகைக்குள் குளோரின்

2018 ஜனவரி 13, போகி. அன்று காலை சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியவில்லை. தரையிறங்க வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. புறப்பட வேண்டியவை காத்துக் கிடந்தன. போகிக்குப் போகி இந்த நகரத்தில் புகை மூடுவது புதிதல்ல. தியாகராய நகரில் எதிர்வீடு மறையும், மயிலாப்பூர் மாடவீதிகளில் கோலம் போடுபவர்கள் இருமுவார்கள், பிள்ளைகள் மேளம் அடிப்பது காதுக்குக் கேட்கும், கண்ணுக்குத் தெரியாது. பாதிப்பேர் அதை மார்கழிப் பனி என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள்.

பனி என்று சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. கண்ணை மறைக்கும் அந்த வெண்மையில் கணிசமான பங்கு தண்ணீர். ஆனால் அந்தத் தண்ணீரைக் காற்றிலிருந்து இழுத்துத் துகளோடு சேர்ப்பது எது? அதற்கான விடையின் ஒரு பகுதி அடையாறில் கிடைத்தது.

அடையாறை ஒட்டிய சென்னை ஐஐடியின் ஆய்வாளர் சச்சின் குந்தே, ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனம், இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் முதலிய இடங்களின் ஆய்வாளர்களோடு சேர்ந்து டெல்லியிலும் சென்னையிலும் காற்றுத் துகள்களின் வேதியியல் கலவையை அளந்தார். முடிவுகள் 2021 ஜனவரியில் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் வந்தன. டெல்லிக் காற்றுத் துகளில் குளோரைடு விடாமல் மிகுந்திருந்தது. சென்னையில் அது எப்போதும் மிகுந்திருக்கவில்லை, ஆனால் சில நேரங்களில் திடீரென்று ஏறியது. டெல்லியில் பார்வைத் தூரம் குறைவதில் ஏறத்தாழ பாதிக்கு, அங்கேயே வெளியாகும் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கணித்தார்கள். அந்த வாயு எங்கிருந்து வருகிறது? பிளாஸ்டிக் கலந்த குப்பையை எரிப்பதிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் வரக்கூடும் என்பது அவர்கள் கருத்து.

கடற்கரை ஊரில் குளோரைடு இருப்பது அதிசயமா என்று பெசன்ட் நகர்வாசி கேட்கலாம். நியாயமான கேள்வி. கடல் உப்பில் இருப்பது சோடியம் குளோரைடு. அதன் துகள்கள் பெரும்பாலும் பருமனானவை. இத்தகைய ஆய்வுகளில் பயன்படும் கருவிகள் ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகள்களை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸில் ஆவியாக்கி எடை பார்ப்பவை. அந்தச் சூட்டில் சோடியம் குளோரைடு லேசில் ஆவியாகாது. ஆகவே கருவி காட்டும் குளோரைடில் பெரும்பகுதி அம்மோனியம் குளோரைடுதான்.

அம்மோனியம் குளோரைடு நமக்கு அந்நியமானதல்ல. அதுதான் நவச்சாரம். ஈயம் பூசுபவர்கள் தெருவில் வந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: சூடேறிய பித்தளைப் பாத்திரத்தில் நவச்சாரப் பொடியைத் தூவியதும் குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும். சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் பிரிந்து, குளிர்ந்த காற்றில் மறுபடி ஒன்று சேர்கிறது. போகி விடியலில் நடப்பதும் இதே வினை, நகரம் முழுக்க. அமிலம் எரியும் பொருளிலிருந்து வருகிறது. அம்மோனியா கழிவுநீரிலிருந்தும் மாட்டுச் சிறுநீரிலிருந்தும் வருகிறது. கூவமும் பக்கிங்காம் கால்வாயும் ஓடும் ஊரில் அதற்குக் குறைவில்லை.

ஈரமில்லாத நண்பகலாக இருந்தால் இந்த இரண்டும் பெரும்பாலும் வாயுவாகவே பறந்துபோகும். ஜனவரி விடியல் வேறு. வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இறங்குகிறது, காற்று ஈரத்தால் நிறைந்திருக்கிறது. தரை குளிர்ந்து, மேலே உள்ள காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் புகை எழும்பிக் கலைய வழியில்லை. கடற்காற்று வர முற்பகல் ஆகும். இந்த நிலையில் அமில வாயு, துகளைச் சுற்றியுள்ள ஈரத்தில் கரைகிறது. கரைந்த குளோரைடு மேலும் தண்ணீரை இழுக்கிறது. தண்ணீர் கூடக்கூட இன்னும் அமிலம் கரைய இடம் கிடைக்கிறது. துகள் ஊதிப் பெருத்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தை எட்டும்போது ஒளியை மிக வலுவாகச் சிதறடிக்கிறது. எதிர்வீடு மறைவது அப்போதுதான்.

இனி, எரியும் பொருள். பாய், முறம், துடைப்பம், கோணி எரிந்தாலும் புகை வரும், அந்தப் புகையும் நுரையீரலுக்குக் கேடுதான். ஆனால் அவற்றில் குளோரின் சொற்பம். கடைகளில் தரும் மெல்லிய பாலித்தீன் பை கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது. குளோரின் அதன் கட்டமைப்பிலேயே இல்லை. பிவிசி அப்படியல்ல. அதன் எடையில் ஏறத்தாழ 57 சதவீதம் குளோரின். தண்ணீர்க் குழாய், மின்கம்பியின் மேலுறை, ரெக்சின் உறை, தெருமுனைகளை அடைத்து நிற்கும் ஃபிளெக்ஸ் பேனர் எல்லாம் இந்தக் குடும்பம். ஒரு கிலோ பிவிசி முழுதாக எரிந்தால் அரைக்கிலோவுக்கு மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளிவர முடியும். 'பிளாஸ்டிக் எரிக்காதீர்கள்' என்று பொதுவாகச் சொல்வதைவிட எந்தப் பிளாஸ்டிக் என்று பெயர் சொல்லிச் சொல்வது அவசியம் என்று நான் கருதுவது இதனால்தான். முக்கோணத்துக்குள் 3 என்ற எண் இருந்தால் அது பிவிசி.

அமிலம் சில மணி நேரத்தில் கலைந்துவிடும். கலையாத இன்னொன்று இருக்கிறது: டையாக்சின். குளோரினும் கார்பனும் அரைகுறையாக எரிந்து, சில நூறு டிகிரிச் சூட்டுக்குத் தணியும்போது அது உருவாகிறது. செம்பு அந்த வினையை ஊக்குவிக்கும். செம்புக்காக மின்கம்பிகளைத் திறந்தவெளியில் எரிப்பவர்கள், தெரியாமலேயே டையாக்சினுக்கு வேண்டிய அத்தனையையும் ஒரே நெருப்பில் சேர்க்கிறார்கள். இதற்குப் போகி வேண்டியதில்லை, ஆண்டு முழுவதும் நடக்கிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக்கிடங்கு பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைந்ததைத் தென்சென்னை மறந்திருக்காது.

அதே பெருங்குடியில்தான் இந்த விவகாரம் காற்றிலிருந்து பாலுக்குப் போனது. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆசிய நாடுகளின் குப்பைக்கிடங்குகளைச் சுற்றி வாழும் தாய்மார்களின் பாலைச் சோதித்து, 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெருங்குடியைச் சுற்றி வாழ்ந்த தாய்மார்களின் பாலில் டையாக்சின் வகைச் சேர்மங்கள் குறிப்பிடத்தக்க அளவு மிகுந்திருந்தன. காரணம் தேடியபோது பசும்பாலும் சந்தேகத்துக்கு உள்ளானது. குப்பையில் மேயும் மாடு சாம்பலையும் மண்ணையும் சேர்த்தே தின்கிறது. டையாக்சின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதன் மூலக்கூறில் ஒட்டியிருக்கும் குளோரின் அணுக்கள், ஈரலின் நொதிகள் அதை உடைக்க வேண்டிய இடங்களையே அடைத்து நிற்கின்றன. சிறுநீரோடு வெளியேற முடியாமல் உடற்கொழுப்பில் தங்கிவிடுகிறது. கறவை மாட்டுக்கு அது வெளியேறும் முக்கியமான வழி மடிதான்: கொழுப்போடு சேர்ந்து பாலில் இறங்குகிறது. அந்தப் பாலைக் குடிக்கும் மனித உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். தாய்ப்பாலின் நன்மை இந்த ஆபத்தைவிடப் பெரிது என்பதில் மருத்துவ உலகுக்கு ஐயமில்லை. தடுக்க வேண்டியது நெருப்பைத்தான்.

சென்னை மாநகராட்சி சில ஆண்டுகளாகப் போகிக்கு முன் பழைய துணி, டயர், பிளாஸ்டிக் பொருட்களைத் தூய்மைப் பணியாளர்களிடம் ஒப்படைக்கச் சொல்லிச் சேகரிக்கிறது. நல்ல ஏற்பாடு. அதில் ஃபிளெக்ஸையும் ஒயரையும் தனியாகப் பெயர் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். ஒயரை எரிக்காமல் உரித்தெடுக்கும் எளிய இயந்திரங்கள் இருக்கின்றன. பழைய இரும்புக் கடைகளுக்கு அவற்றை வாங்க உதவுவது பெரிய செலவல்ல.

அளப்பதிலும் ஓர் ஓட்டை உண்டு. தேசியக் காற்றுத் தரக் குறியீட்டின் கணக்கில் வருபவை எட்டு: இரு அளவுத் துகள்கள், நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். நவச்சாரப் புகையின் ஒரு பாதியான அம்மோனியா பட்டியலில் இருக்கிறது, மறுபாதியான ஹைட்ரோகுளோரிக் அமிலம் இல்லை. துகளின் எடை எவ்வளவு என்று ஆலந்தூர், வேளச்சேரி நிலையங்கள் சொல்கின்றன. அது எதனால் ஆனது என்று அந்தக் குறியீடு சொல்வதில்லை. ஆண்டுதோறும் போகிக்குக் காற்றை அளக்கும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அந்த ஒரு வாரத்துக்காவது குளோரைடையும் அளந்து வெளியிட்டால், எந்தப் பகுதியில் பாய் எரிந்தது, எந்தப் பகுதியில் பிவிசி எரிந்தது என்று பிரித்தறிய ஒரு வழி கிடைக்கும். அளக்கத் தெரிந்தவர்கள் அடையாறிலேயே இருக்கிறார்கள்.