லெவி ஸ்ட்ராஸ் பிறந்த வீடு

ஜேர்மனியின் பவேரியா மாநிலத்தில், பம்பேர்க் நகருக்கு அருகே, புட்டன்ஹைம் என்னும் சிற்றூர் உளது. நீல ஜீன்ஸ் வணிகத்தாற் புகழெய்திய லெவி ஸ்ட்ராஸ் 1829-ல் பிறந்த இல்லத்தைக் காண அங்கு சென்றோம். மரச்சட்டங்களிடையே சுவரெழுப்பிய அப்பழைய வீடு 2000-ஆம் ஆண்டில் நூதனசாலையாயிற்று.

இத்துணை அழகிய ஊரை அக்குடும்பம் துறந்ததேன்? வறுமை மட்டுமன்று காரணம். ஒவ்வோர் ஊரிலும் இத்தனை யூதக் குடும்பங்களே வாழலாமென 1813-ஆம் ஆண்டுப் பவேரியச் சட்டம் எண்ணிக்கையை வரையறுத்திருந்தது. அதில் ஓரிடம் வெறுமையாகும்வரை யூத இளைஞன் மணம்புரிந்து அவ்வூரிற் குடியமர்தல் அரிது. மண்ணிற் பிறந்தும் கணக்கில் இடமில்லை! முதல் தாரத்து மைந்தர் முன்னரே நியூ யோர்க் சென்று துணி வாணிபம் தொடங்கினர். 1846-ல் தந்தை மறைந்தபின், தாயும் தன் இரு புதல்வியரோடும் இளைஞன் லெவியோடும் கப்பலேறினாள்.

ஜீன்ஸ் அணிந்த மாணவர் சிலர் வாயிலில் நின்று படமெடுத்தனர். நாமோ, அத்தாய் இறுதியாகச் சாத்திச்சென்ற கதவை எண்ணி நின்றோம்.