மூச்சு வாங்குவோர்க்கும் உடற்பயிற்சி உண்டு

"மூச்சு வாங்குகிறது, இனிக் கோவிலுக்கு வர இயலாது" என்று வீட்டோடு முடங்கிவிடும் பெரியவர்களை நம் சுவா சூ காங்கிலும் காண்கிறோம். புகைப்பழக்கம் முதலியவற்றால் வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் மூச்சுக்குழாய்களைக் குறுக்குகிறது. திணறலுக்கு அஞ்சி நடையைக் குறைத்தால் கால் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசையோ சிறு வேலைக்கும் அதிக மூச்சைக் கேட்கிறது. ஆக, ஓய்வே திணறலைப் பெருக்குகிறது.

பயிற்சியால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆனால் தசைகள் வலுப்பெறும். திணறலும் களைப்பும் குறையும். 65 ஆய்வுகளில் பங்குபெற்ற 3,822 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2015இல் வெளியான அறிக்கை இதை உறுதிப்படுத்தியது. டான் டோக் செங் போன்ற மருத்துவமனைகளில் இதற்கென்றே பயிற்சி அளிக்கிறார்கள்.

மருத்துவரைக் கேட்டபின் வீட்டிலும் தொடரலாம். புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கலாம். நாற்காலியிலிருந்து பலமுறை எழுந்து அமரலாம். அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இறக்கலாம். மூக்கால் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல விடுங்கள். மூச்சு சற்று வாங்கலாம். பேச்சு தடைபடக் கூடாது. நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்துங்கள். பயிற்சியைக் கைவிட்டால் பெற்ற பலனும் தேய்ந்துவிடும்.

முடங்கியிருக்கும் பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த திருவிழாவில் அவரும் நம்மோடு பிராகாரம் வலம் வரட்டும்.