கொடைக்கானல் ஏறணுமா? முதல்ல பெட்ரோல் குழாயைப் பாருங்க பாஸ்!

வண்டியில டர்போ இருக்கு. பாக்கெட்ல லைசென்ஸ் இருக்கு. மூணு நாள் லீவு, நாலு ஃப்ரெண்ட்ஸ் ரெடி. வத்தலக்குண்டு தாண்டி காட்ரோடு வந்ததும் ஸ்டியரிங் பிடிச்ச கையில ஒரு குறுகுறுப்பு வரும் பாருங்க... அது தப்பே இல்லை. ஆனா, லேப்டாப்பை மாட்டி 'ரீமேப்' பண்ணி பூஸ்ட்டை ஏத்தி வச்சிருக்கீங்கன்னா, கொஞ்சம் ஓரங்கட்டுங்க. உங்ககிட்ட பேசணும்!

கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரம். அங்கே காற்றழுத்தம், கடல் மட்டத்துல இருக்கறதுல முக்கால் பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சாதா இன்ஜின் மேலே போகப் போக ஐந்தில் ஒரு பங்கு சக்தியைத் தொலைச்சிட்டு மூச்சு வாங்கும். டர்போவோ இன்னும் வேகமாச் சுத்தி, மெலிஞ்ச காத்தை அமுக்கித் திணிச்சு சமாளிச்சிடும். டம்டம் பாறை பக்கம் பழைய வண்டிகள் முக்கும்போது நீங்க சர்ருனு போறீங்களே, அதுக்கு இதான் காரணம்.

சரி, காத்து வந்தாச்சு. பெட்ரோல்?

சும்மா ஒரு கணக்கு போடலாம். 110 குதிரை சக்தி டர்போ பெட்ரோல் இன்ஜின் முழு மூச்சுல ஓடினா மணிக்குச் சுமார் 37 லிட்டர் வேகத்துல பெட்ரோல் கேட்கும். அதையே 150 ஆக்கினா சுமார் 50 லிட்டர். டவுன்ல அந்த முழு மிதி ரெண்டு, மூணு செகண்ட்தான். மலையில வளைவுக்கு வளைவு மிதிச்சுக்கிட்டே இருப்பீங்க. அந்த நேரம் பம்ப்போ, ஃபில்டரோ, குழாயோ ஈடு கொடுக்கலைன்னா காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. மெக்கானிக் அண்ணன்கள் 'லீன்'னு சொல்றது இதைத்தான். சிலிண்டருக்குள்ள சூடு எகிறும், 'டக்டக்'னு நாக்கிங் கேட்கும், அதுக்கும் மேல மிதிச்சா பிஸ்டனே உருகி ஓட்டை விழும். பில்லைப் பார்த்தா அப்பாவுக்கும் நாக்கிங் வரும்!

அதனால கடையில பளபளன்னு தொங்குற ஸ்டீல் பின்னல் ஹோஸை வாங்கி மாட்டிடலாம்னு ஓடாதீங்க. அதுல பவர் ஒரு துளிகூட ஏறாது. சாதாரணமா வர்ற 8 மில்லிமீட்டர் குழாயே, நீங்க கனவு காணுற பவருக்கு மேலேயே தாங்கும். மாட்டிக்கிறது பெரும்பாலும் ஃபில்டரும் பம்ப்பும்தான். சமவெளியில நல்லா ஓடுற வண்டி, ஏத்தத்துல மூணாவது கியர்ல முழுசா மிதிச்சா மட்டும் வெட்டி வெட்டி இழுக்குதா? முதல் சந்தேகம் ஃபில்டர் மேல வரட்டும். பிரஷர் கேஜ் மாட்டி, முழு மிதியில அழுத்தம் இறங்குதான்னு பார்க்கச் சொல்லுங்க. வெளியில இருக்கற ஃபில்டர்னா அதுல அம்புக்குறி இருக்கும். அது இன்ஜின் பக்கம் பார்க்கணும். பல புது வண்டிகள்ல ஃபில்டர் டேங்குக்குள்ள, பம்ப்போட சேர்ந்தே இருக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டின்னா இன்னொரு எச்சரிக்கை. ஹை பிரஷர் பக்கத்துல நூறு பாருக்கும் மேல அழுத்தம் இருக்கும். அங்கே கை வைக்கவே கூடாது.

இப்ப இன்னொரு வில்லன், இ20. பெட்ரோல்ல 20 சதவிகிதம் எத்தனால் கலக்குற திட்டத்தை 2023 பிப்ரவரியில ஆரம்பிச்சாங்க. எத்தனாலுக்குப் பழைய ரப்பர்னா ஆகாது. ஊற வச்சு, வெடிக்க வச்சிடும். பழைய டேங்க்ல படிஞ்ச அழுக்கைக் கரைச்சுக் கொண்டு வந்து ஃபில்டர்ல அடைக்கும். ஈரத்தையும் இழுக்கும். அதே பவருக்குக் கொஞ்சம் கூடுதலாவும் குடிக்கும். அண்ணன்கிட்டயிருந்து கைமாறி வந்த பழைய டர்போ வண்டியா? ஹோஸை ஒருமுறை வளைச்சுப் பாருங்க. வெடிப்பு தெரிஞ்சா அன்னிக்கே மாத்துங்க. புது ஹோஸ் மேல 'எஸ்.ஏ.இ. 30 ஆர் 9'னு அச்சடிச்சிருக்கணும், எத்தனால் தாங்கும்னும் போட்டிருக்கணும். ஒண்ணும் அச்சடிக்காத மீட்டர் கணக்கு ரப்பர் குழாய் வேண்டவே வேண்டாம். டர்போவோட எக்ஸாஸ்ட் பக்கம் செக்கச்செவேல்னு பழுக்கும். பெட்ரோல் தானாத் தீப்பிடிக்க 300 டிகிரிகூட வேண்டாம். ஊத்து பக்கம் பனிமூட்டத்துல, உள்ளே நாலு பேரோட... நினைச்சுப் பாருங்க.

அந்தக் காலத்துல அம்பாசடர் டிரைவர்கள் மலைப்பாதையில வண்டியை நிறுத்தி, பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணி போடுவாங்க. சூட்டுல பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைச்சுக்கும். இப்ப பம்ப் டேங்குக்குள்ள போயிட்டதால அந்தத் தொல்லை குறைஞ்சு போச்சு. எரிபொருளைக் கவனிக்கிற அந்தப் பழக்கமும் சேர்ந்து போனதுதான் வருத்தம்.

இதை ஒழுங்காக் கத்துக்கணும்னா கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போங்க. அங்கே நடக்குற 'ஃபார்முலா பாரத்' போட்டிக்கு இன்ஜினீயரிங் மாணவர்கள் தாங்களே கார் கட்டிக் கொண்டு வர்றாங்க. ஃபார்முலா ஸ்டூடன்ட் விதிகள்ல டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவுல பிளாஸ்டிக் குழாய் கூடாது. கிளாம்ப் குழாயை முழு வட்டமாச் சுத்திப் பிடிக்கணும், நட்-போல்ட்டால இறுகணும், விளிம்பு குழாயை அறுக்காம மடிஞ்சிருக்கணும். டேங்கை நிரப்பி, டிரைவரையும் உட்கார வச்சு, காரை 60 டிகிரி சாய்ப்பாங்க. ஒரு சொட்டு ஒழுகினாலும் ஃபெயில்! எந்தக் கொண்டை ஊசி வளைவும் உங்க வண்டியை அவ்வளவு சாய்க்காது. ஆனா கிளாம்ப் விஷயத்துல அதே கண்டிப்பு உங்களுக்கும் இருக்கலாமே?

சட்டத்தையும் சொல்லிடறேன். கம்பெனி அளவுக்கே புது ஃபில்டர், புது ஹோஸ் போடறது வெறும் சர்வீஸ். பதிவுச் சான்றுல இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாசம் வரை சிறையோ, ரெண்டுமோ வரலாம். பவர் வெறி இருந்தா ரேஸ் டிராக்குக்குப் போங்க. மலை ரோட்டுல எதிரே பஸ் வரும், மாடும் வரும்!

வேலை முடிஞ்சதும் உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க. சாவியை 'ஆன்' மட்டும் பண்ணுங்க. பம்ப் ரெண்டு செகண்ட் 'ஙொய்ங்'னு ஓடி அழுத்தம் ஏத்தும். மூணு, நாலு தடவை இப்படிச் செஞ்சுட்டு, டார்ச் அடிச்சு ஒவ்வொரு இணைப்பையும் பாருங்க, மோந்தும் பாருங்க. காய்ஞ்சு கிடக்கா? இன்ஜினை ஓட விட்டு இன்னொரு தடவை பாருங்க. அப்புறமா கொடைக்கானலுக்கு இ-பாஸ் போடலாம்.